வாத்து நடக்கத் தடுமாறுகிறது: காலைப் பார்ப்பதா, தீவனத்தைப் பார்ப்பதா?

ஜூன் 3, ஒரு வாசகர் கேட்டது

நான்கு பெக்கின் குஞ்சுகள் வளர்க்கிறேன். வயது மூன்று வாரம். மூன்று நன்றாக ஓடுகின்றன. நான்காவது நாலு அடி வைத்ததும் உட்கார்ந்துவிடுகிறது. எழும்போது தடுமாறி, சின்ன இறக்கையைத் தரையில் ஊன்றி எழப் பார்க்கிறது. காலின் நடு மூட்டு மற்றவற்றைவிடத் தடிமனாகத் தெரிகிறது. கோழிக்குஞ்சுத் தீவனம்தான் போடுகிறேன். பசி எடுக்கிறது, கண் தெளிவாக இருக்கிறது. "பிறவிக் குறை, விட்டுவிடு" என்கிறார்கள். எனக்கு விட மனம் வரவில்லை. ஏதாவது செய்ய முடியுமா?

ஜூன் 3, இரவு

விடாதீர்கள். நீங்கள் எழுதியதில் மூன்று விஷயங்கள் சேர்ந்து வருகின்றன. வேகமாக எடை போடும் பெக்கின் இனம், கோழித் தீவனம், தடித்த மூட்டு. இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது நியாசின் பற்றாக்குறையை. அதாவது வைட்டமின் பி3.

கோழி தன் உடம்பிலேயே டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஓரளவு நியாசின் தயாரித்துக்கொள்ளும். வாத்துக்கு அந்தத் திறன் குறைவு, தீவனத்தில்தான் வர வேண்டும். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1994இல் வெளியிட்ட பறவைத் தீவன அட்டவணையில் வாத்துக்குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 55 மில்லிகிராம் நியாசின் வேண்டும் என்று இருக்கிறது. இறைச்சிக்கோழிக் குஞ்சுக்கு அதே அட்டவணையில் 35. கோழித் தீவனம் கெட்ட தீவனம் ஒன்றும் கிடையாது. கோழிக்காகக் கணக்குப் போட்டது, அவ்வளவுதான்.

குறைந்தால் என்ன ஆகும்? மூட்டு வீங்கும், கால் வளையும், குஞ்சு நடக்க மறுக்கும். சாப்பிடும் ஆசை மட்டும் அப்படியே இருக்கும். பசியும் தெளிவான கண்ணும் இருப்பதாக நீங்கள் சொன்னதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. இன்றே தொடங்குங்கள். எலும்பு இளசாக இருக்கும் வரைதான் இது திரும்பும். வளைந்தபடியே முற்றிவிட்டால் எந்தச் சத்தும் அதை நிமிர்த்தாது.

ஜூன் 4

எதைக் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ப்ரூவர்ஸ் ஈஸ்ட் அல்லது நியூட்ரிஷனல் ஈஸ்ட் தூள். தீவனத்தை லேசாக ஈரமாக்கி அதன்மேல் தூவினால் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த தீவனத்தில் போட்டால் தூள் அடியில் தங்கிவிடும். ரொட்டி உப்ப வைக்கும் ஈஸ்ட் வேண்டாம். அது உயிருள்ளது, வயிற்றுக்குள் போய்ப் புளிக்க ஆரம்பிக்கும்.

ஈஸ்ட் தூளில் நியாசின் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். டப்பாவில் 100 கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். கால் ஏற்கெனவே பாதித்த குஞ்சுக்கு ஈஸ்ட் மட்டும் மெதுவாகத்தான் வேலை செய்யும். அதற்கு நியாசினைத் தண்ணீரில் கலந்தோ வாயிலோ கொடுக்கக் கால்நடை மருத்துவர் எடை பார்த்து அளவு சொல்வார். கடையில் வாங்குவதானால் மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை எடுக்காதீர்கள்.

மற்ற மூன்றுக்கும் சேர்த்தே கொடுங்கள். ஒரே தீவனத்தைத் தின்னும் குஞ்சுகளில் ஒன்று விழுந்தால் மற்றவையும் விளிம்பில்தான் நிற்கின்றன.

ஜூன் 6

தரை என்ன? இதை முதல் நாளே கேட்டிருப்பேன், தீவனப் பேச்சில் விட்டுப்போனது. பிளாஸ்டிக் விரிப்பு, செய்தித்தாள், பளபளப்பான டைல்ஸ் இதில் எது இருந்தாலும் இன்றே மாற்றுங்கள். குஞ்சின் பாதம் வழுக்கும்போதெல்லாம் கால் பக்கவாட்டில் விலகும். அந்த வயதில் இடுப்பு மூட்டைப் பிடித்திருக்கும் தசை இன்னும் வலுவாகவில்லை. நாள் முழுக்க வழுக்கிக்கொண்டே இருந்தால் கால் விரிந்தபடியே நின்றுவிடும்.

புள்ளி புள்ளியாக மேடு உள்ள ரப்பர் விரிப்பு நல்லது. பழைய துண்டும் போதும், நூல் பிரியாததாகப் பாருங்கள்; பிரிந்த நூல் விரலில் சுற்றினால் ரத்த ஓட்டமே நின்றுபோகும்.

ஏற்கெனவே விரிந்துவிட்ட காலுக்குக் கட்டு போடலாம். தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் மருத்துவக் கட்டுத்துணியை மெல்லிய பட்டையாக வெட்டி, எட்டு வடிவத்தில் இரண்டு காலையும் இணைக்க வேண்டும். இயல்பாக நிற்கும்போது கால்களுக்கு நடுவே எவ்வளவு இடம் இருக்குமோ அவ்வளவு விடுங்கள். இறுக்கக் கூடாது, பாதம் குளிர்ந்தாலோ நிறம் மாறினாலோ உடனே அவிழ்க்க வேண்டும். குஞ்சு ஒரே நாளில் வளர்வது கண்ணுக்கே தெரியும், ஆகவே கட்டைத் தினமும் பிரித்துப் புதிதாகப் போடுங்கள். பொரித்த முதல் சில நாட்களில் இது அழகாக வேலை செய்யும். உங்கள் மூன்று வாரக் குஞ்சுக்கு நான் இதைச் சொல்லவில்லை. இதே கேள்வி-பதில் இழையில் இன்னொருவர் பொரித்து இரண்டு நாளான குஞ்சைப் பற்றிக் கேட்டார், அவருக்கு.

ஜூன் 7

"எங்கள் வாத்துகள் எல்லாம் கோழித் தீவனம் தின்றே வளர்ந்தன, ஒன்றுக்கும் கால் போகவில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நம்புகிறேன். அவை வெளியே மேய்ந்திருக்கும். நத்தை, புழு, பூச்சி, குளத்து ஓரப் பச்சை என்று பாதி வயிறு அங்கேயே நிரம்பியிருக்கும். கூண்டுக்குள், தட்டில் விழுவதை மட்டும் நம்பியிருக்கும் குஞ்சின் கதை வேறு.

மக்காச்சோளத்தை மட்டும் உடைத்துப் போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் நியாசின் இருக்கிறது, ஆனால் வேறொன்றோடு பிணைந்து கிடப்பதால் செரிமானத்தில் பெரும்பகுதி வெளிவராது. மக்காச்சோளமே கதியென்று இருந்த மனிதர்களுக்கு பெலாக்ரா என்ற தோல் நோய் வந்ததும் இதனால்தான். 1937இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கான்ராட் எல்வேஜெம் நாய்களின் கருநாக்கு நோயை நிக்கோடினிக் அமிலத்தால், அதாவது நியாசினால், குணப்படுத்திக் காட்டினார். அதற்குப் பிறகுதான் பெலாக்ராவுக்கும் வழி பிறந்தது. மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து வேகவைப்பார்கள், அந்தப் பிணைப்பு அதில் அவிழ்ந்துவிடும். மனிதனின் தோல் நோய், நாயின் நாக்கு, வாத்தின் மூட்டு மூன்றும் ஒரே சத்தில் வந்து நிற்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

சரி, குஞ்சுக்கு வருவோம்.

ஜூன் 11

நிறையப் பேர் "கால் நொண்டுகிறது" என்று ஒரு வரியில் எழுதிவிட்டு மருந்து கேட்கிறார்கள். நொண்டுவது அறிகுறிதான். எந்த இடம் என்று தெரியாமல் எதைக் கொடுப்பது? நான் பார்க்கும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் தொந்தரவு செய்யாமல் தூரத்திலிருந்து பாருங்கள். மனிதர் கிட்டே போனால் வாத்து வலியை மறைத்துக்கொள்ளும். கூட்டத்தில் பலவீனத்தைக் காட்டினால் ஆபத்து என்பது அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. நிற்கும்போது ஒரு காலை லேசாகத் தூக்கி வைத்திருக்கிறதா, வால் ஒரு பக்கம் சாய்கிறதா என்று கவனியுங்கள். போனில் பின்பக்கமிருந்து வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால் கண்ணுக்குத் தப்பியது தெரியும்.

அப்புறம் ஈரத்தடம். செல்லி என்று எங்கள் பெட்டை வாத்து. அவள் நடையில் ஏதோ சரியில்லை என்று பல நாளாகத் தோன்றிக்கொண்டே இருந்தது, எந்தக் கால் என்றுதான் பிடிபடவில்லை. பாதத்தை நனைத்து உலர்ந்த சிமெண்டுத் தரையில் நடக்கவிட்டேன். வலது பாதம் முழு முக்கோணமாக, மூன்று விரலும் சவ்வும் தெளிவாகப் பதிந்தது. இடது பாதத்தில் நுனி மட்டும் பதிந்து, அதற்கு முன்னால் நகம் இழுத்த மெல்லிய கோடு. காலைத் தூக்காமல் இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். காரணம் இடது பாதத்தின் அடியில், நடுமெத்தையில் ஒரு சின்னக் கறுப்புப் பொருக்கு. வீட்டில் யாருமே கவனிக்கவில்லை, அவ்வளவு சிறிது.

இன்னொன்று. நாம் வாத்தின் முழங்கால் என்று பார்ப்பது உண்மையில் கணுக்கால். முழங்கால் மேலே, உடம்போடு ஒட்டி இறகுக்குள் மறைந்திருக்கும். அதனால் மேலே உள்ள வலியைக் கீழே தேடிக்கொண்டிருப்போம். இரண்டு கால்களையும் மேலிருந்து கீழ்வரை ஒரே நேரத்தில் தடவி ஒப்பிடுங்கள். சூடு, வீக்கம், தடிமன், எந்த இடத்தில் உடம்பு விறைக்கிறது என்று பாருங்கள். கணுக்கால் மூட்டின் பின்பக்கம் ஒரு தசைநார் நடுவில் பள்ளத்தில் ஓடும். அது பக்கவாட்டில் நழுவியிருந்தால் மூட்டு தட்டையாக, வீங்கிப்போய், கால் நீட்ட முடியாமல் இருக்கும். குஞ்சுகளில் மாங்கனீசு, கோலின் போன்றவை குறைந்தால் இது வரும். இதற்குக் காத்திருக்கக் கூடாது. சீக்கிரம் போனால் மருத்துவர் உள்ளே தள்ளிக் கட்டு போட வாய்ப்பு உண்டு. நாளாக ஆக, திரும்ப நழுவிக்கொண்டே இருக்கும்.

ஜூன் 12

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள்: வாத்தைக் காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். கோழியைத் தூக்குகிறவர்கள் கை அப்படியே போகிறது. வாத்தின் கால் உடம்பின் எடையைத் தொங்கவிட்டுத் தாங்காது, இடுப்பு மூட்டு விலகிவிடும். இறக்கைகளை உடம்போடு அணைத்து, அடியில் ஒரு கையை முழுதாகக் கொடுத்துத் தூக்குங்கள். கீழே விடும்போதும் பாதம் தரையைத் தொட்ட பிறகுதான் கையை எடுக்க வேண்டும். இடுப்பு உயரத்திலிருந்து குதிக்கவிட்டுக் கால் போன வாத்துகளைப் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 19

தண்ணீர். இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது.

நடக்க முடியாத வாத்துக்குத் தண்ணீரில் எடை குறைகிறது. தரையில் ஒரு அடிகூட வைக்காதது தண்ணீரில் இரண்டு காலையும் அடிக்கும். தசை சுருங்காமல் இருக்க அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. தன் இறகைத் தானே கோதிக்கொள்ள வாய்ப்பும் அங்கேதான். செல்லியின் பாதம் ஆறிக்கொண்டிருந்த காலத்தில், தொட்டியில் இறக்கியதும் குரலே மாறும். தரையில் இருக்கும்போது ஒரு சத்தமும் வராது. தண்ணீரில் விட்டால் ஓயாமல் பேசுவாள். வெளியே எடுக்கும்போது வரும் எதிர்ப்புக் குரலை அடுத்த வீட்டுக்காரர்களும் கேட்டிருப்பார்கள்.

இரண்டு ஆழம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பாதம் அடியைத் தொடாத ஆழம், நீந்த. இன்னொன்று, மார்பு வரை வரும் ஆழம். அதில் உடம்பு மிதக்கும், ஆனால் பாதம் அடியில் படும். நிற்கப் பழகுவது இந்த இரண்டாவதில்தான். அடியில் ரப்பர் விரிப்பு போடாவிட்டால் வழுக்கி எல்லாம் கெடும். தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிந்தால் போதும். முதல் தடவைகளில் சில நிமிடம்தான். சோர்ந்தால் கழுத்து தாழும், கால் அடிப்பது நிற்கும். அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

ஒரு காலை மட்டும் அடித்து வட்டமடித்தால் பயப்படாதீர்கள். பலவீனமான கால் எது என்று அதுவே சொல்கிறது. மெதுவாக விரலால் அந்தப் பாதத்தின் அடியைத் தொட்டுக் கொடுங்கள், தள்ளப் பார்க்கும். அந்தத் தள்ளல்தான் நமக்கு வேண்டும்.

ஜூன் 20

தண்ணீர்க் குறிப்பில் ஒரு எச்சரிக்கை சேர்க்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஒருவர் குஞ்சைத் தொட்டியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா என்று கேட்கிறார். கூடாது. ஒரு நிமிடம்கூட. வாத்தும் மூழ்கிச் சாகும். தாயில்லாமல் வளரும் குஞ்சின் பஞ்சு இறகு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், ஏனென்றால் அதற்கு எண்ணெய் தாயின் உடம்பிலிருந்து ஒட்டுவது. வளர்ந்த வாத்தும் நாள்கணக்கில் படுத்தே கிடந்தால் கோத முடியாமல் இறகின் நீர்ப்பிடிப்புத் தடுப்பு போய்விடும். நனைந்து, கனத்து, குளிர்ந்து போகும். வெளியே எடுத்ததும் துண்டால் ஒற்றி, காற்று படாத சூடான இடத்தில் காயவிடுங்கள்.

ஜூன் 28

இதுவரை குஞ்சுகளைப் பற்றியே பேசினோம். வளர்ந்த வாத்து நொண்டினால் நான் முதலில் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பேன். செல்லிக்கு வந்தது பம்பிள்ஃபுட். கரடுமுரடான தரையில் சின்னக் கீறல் விழுந்து, ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி உள்ளே போய், மெத்தையில் கெட்டியான சீழ் கட்டும். மேலே கறுப்புப் பொருக்கு. ஆரம்பத்தில் எப்சம் உப்புக் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் பாதத்தை ஊறவைத்து, சுத்தமான கட்டு போட்டு, மெத்தென்ற தரையில் வைத்தால் அடங்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்கவிடாதீர்கள், வயிற்றைக் கலக்கும். பாதம் வீங்கிச் சூடாக இருந்தால் மருத்துவர்தான். வீட்டில் கத்தி எடுத்து அறுக்கும் வீடியோக்களைப் பார்த்துச் செய்யாதீர்கள். அந்த இடத்தில் ரத்த நாளமும் தசைநாரும் நெருக்கமாக இருக்கின்றன, வாத்துக்கு வலியும் நமக்கு வலிக்கிற அதே வலிதான்.

எடையும் காரணம். கனத்த இனங்களுக்கு இரண்டு பாதம் தாங்க வேண்டிய பாரம் அதிகம். தின்பண்டம் குறையுங்கள், தீவனத் தட்டையும் தண்ணீரையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்து நடக்க வையுங்கள். கால் வலிக்கும் வாத்துக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள், அதற்கு இரண்டும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பெட்டை திடீரெனக் காலை அகட்டி, பெங்குவின் போல நிமிர்ந்து நின்று, வாலை ஏற்றி இறக்கி முக்கினால் முட்டை சிக்கியிருக்கலாம். வெதுவெதுப்பான தொட்டியில் உட்கார வைத்தபடியே மருத்துவரைக் கூப்பிடுங்கள், அழுத்தி உடைக்கப் பார்க்காதீர்கள். ரன்னர் இனம் எப்போதும் நிமிர்ந்துதான் நடக்கும், அது வேறு. நிறைய முட்டையிட்டுச் சுண்ணாம்புச் சத்து தீர்ந்துபோன பெட்டைக்கும் கால் தளரும், சிப்பித்தூளைத் தனிக் கிண்ணத்தில் எப்போதும் வையுங்கள். அதற்காக முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுகளுக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் கால்சியம் மிக அதிகம், குஞ்சின் சிறுநீரகம் கெட்டுப்போகும்.

பறவைகளுக்குக் காலுக்குப் போகும் நரம்பு சிறுநீரகத்தின் ஊடாகவே ஓடுகிறது. அதனால் அடிவயிற்றில் வீக்கமோ கட்டியோ வந்தால் கால் இழுக்கும். காலில் எதுவுமே கிடைக்கவில்லை என்றால் மருத்துவரிடம் வயிற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜூலை 2

இந்தக் குறிப்பை எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்க வேண்டும்.

நேற்றுவரை நன்றாக நடந்த வாத்து இன்று காலையில் இரண்டு காலும் துவண்டு கிடக்கிறது, அப்புறம் இறக்கை தொங்குகிறது, அப்புறம் கழுத்து நிற்கவில்லை என்றால், அது பொட்டுலிசமாக இருக்கலாம். தளர்ச்சி காலில் தொடங்கி மேலே ஏறும். வெயில் காலத்தில், தேங்கிய சூடான தண்ணீரில், செத்து அழுகிய எதிலாவது கிருமி பெருகி நஞ்சை உண்டாக்கும். அழுகிய உடலில் நெளியும் புழுக்களில் நஞ்சு சேர்ந்திருக்கும். புழுவுக்கு ஒன்றும் ஆகாது, அதைத் தின்ற வாத்து விழுந்துவிடும். 1910இல் அமெரிக்காவின் கிரேட் சால்ட் ஏரிப் பக்கம் காட்டு வாத்துகள் கூட்டம் கூட்டமாக மடிந்தபோது காரத் தண்ணீர்தான் காரணம் என்று நினைத்தார்கள். பொட்டுலிசம் என்று தெரிய இன்னும் பல வருடங்கள் ஆயின.

உடனே மருத்துவர். போகும் வழியிலும் தலையைத் துண்டால் தாங்கி உயர்த்தி வையுங்கள், கிண்ணத்துத் தண்ணீரிலேயே மூக்கு மூழ்கிவிடும். மற்ற வாத்துகளை அந்த இடத்திலிருந்து விலக்கி, செத்ததைத் தேடி அகற்றுங்கள்.

இரண்டாவது, உலோகம். வாத்து மினுக்குகிற எதையும் விழுங்கும். திருகாணி, நாணயம், கம்பித் துண்டு, தூண்டில் ஈயக்குண்டு. அரைப்பையில் தங்கி, அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஈயமும் துத்தநாகமும் நரம்பைத் தாக்கும். கால் தளரும், இறக்கை தொங்கும், எச்சம் கடும் பச்சையாகும். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டை 1991இல் நாடு முழுக்கத் தடை செய்ததே இப்படிக் காட்டு வாத்துகள் செத்ததால்தான். எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும், உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் ஊசி மருந்தும் உண்டு. வீட்டில் கூண்டு பழுது பார்த்த பிறகு தரையை ஒரு காந்தத்தால் துழாவிவிடுங்கள். ஈயம் காந்தத்தில் ஒட்டாது, அதைக் கண்ணால்தான் தேட வேண்டும்.

ஜூலை 3

"பல வாத்துகளுக்கு ஒரே நேரத்தில் தள்ளாட்டம், கண்ணிலும் மூக்கிலும் நீர்" என்று ஒருவர். இது தொற்று. இளம் குஞ்சுகளில் தலை நடுங்கி, மல்லாந்து விழுந்து காலை அடிக்கும் பாக்டீரியா நோய் உண்டு. பறவைக் காய்ச்சலிலும் தள்ளாட்டம் வரும். நோய்ப்பட்டவற்றைப் பிரித்து, கையையும் செருப்பையும் கழுவி, கால்நடைத் துறைக்கு இன்றே சொல்லுங்கள். இழையில் பதில் வரக் காத்திருக்காதீர்கள்.

ஜூலை 15

கால் நன்றாக இருந்தும் சமநிலை போகும் வாத்து வேறு வகை. தலை ஒரு பக்கம் சாயும், வானத்தைப் பார்க்கும், சிலவேளை முதுகுக்கே திரும்பிவிடும். நடந்தால் பின்னோக்கிப் போகும் அல்லது சுற்றும். பார்க்கவே மனம் துடிக்கும். தலையில் அடிபட்டிருக்கலாம், உள்காதில் தொற்று இருக்கலாம், வைட்டமின் இ, செலினியம் அல்லது தயாமின் குறைந்திருக்கலாம். சத்துக் குறைவானால் பல வாத்துகள் திரும்புகின்றன, ஆனால் வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். செலினியத்தை நீங்களாக அளந்து கொடுக்காதீர்கள், தேவையான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு.

சாப்பிட வைப்பது பெரிய வேலை. மடியில் துண்டு விரித்து உட்கார வைத்து, ஒரு கையால் தாடைக்குக் கீழே தலையை மெதுவாகத் தாங்குங்கள். முறுக்கிய கழுத்தை நேராக்க இழுக்க வேண்டாம், போகிற பக்கம் போய் நிற்கவிட்டுத் தாங்கினால் போதும். குழைத்த தீவனமும் தண்ணீரும் மாற்றி மாற்றி. வாத்து தண்ணீர் இல்லாமல் உலர் தீவனத்தை விழுங்கத் திணறும். இந்த வாத்துகளுக்கு மட்டும் நீச்சல் இப்போது வேண்டாம்.

ஜூலை 16

மனிதர்களுக்கான வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்கலாமா என்பதற்கு: வேண்டாம். பறவைக்கு மெலாக்ஸிகாம் என்ற வலி மருந்தைக் கொடுப்பார்கள், எடைக்கு ஏற்ற அளவை மருத்துவர் சொன்னால் மட்டும். கோழிகளுக்கு இரத்தக்கழிச்சலுக்காகக் கலக்கும் மோனென்சின் போன்ற மருந்துகள் அளவு மீறினால் அவையே காலைத் தளர வைக்கும். மருந்து கலந்த தீவனப் பையின் சீட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஆகஸ்ட் 1

முதலில் கேட்ட வாசகரிடமிருந்து சேதி வந்திருக்கிறது. குஞ்சு இப்போது மற்ற மூன்றோடு சேர்ந்து நடக்கிறது, ஓடும்போது மட்டும் பின்தங்குகிறது, மூட்டுத் தடிமன் குறைந்தபாடில்லை. மனசு நிறைந்துவிட்டது. தடிமன் அப்படியே நிற்கலாம், எலும்பு அந்த வடிவில் வளர்ந்துவிட்டது. வலியில்லாமல் நடந்தால் அதுவே வெற்றி. வளர்ந்த பிறகும் இந்த வாத்தின் எடையில் கண் இருக்கட்டும். ஆண் வாத்துகள் கூட இருந்தால் கவனமாக இருங்கள். கால் பலவீனமான பெட்டையைத்தான் அவை துரத்தித் துரத்தி ஏறும், அதில் முதுகும் இடுப்பும் போகும். ஓர் ஆணுக்கு நாலைந்து பெட்டையாவது இருந்தால் தொல்லை குறையும். இல்லாவிட்டால் தடுப்பு வையுங்கள்.

ஆகஸ்ட் 4

நடையே திரும்பாத வாத்துக்கு என்ன செய்வது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். சக்கர வண்டி உண்டு. துணித் தொட்டிலில் இரண்டு ஓட்டை போட்டுக் காலைத் தொங்கவிடும் தாங்கியும் உண்டு. இரண்டையும் பயன்படுத்தியிருக்கிறேன். முன்பெல்லாம் வண்டியைத்தான் முதலில் சொல்வேன். இப்போது துணித் தாங்கியின் பக்கம் சாய்கிறேன். வண்டியில் வாத்து நகர்கிறது, அந்த மகிழ்ச்சி கண்ணில் தெரியும். ஆனால் பட்டை உரசும் இடத்தில் தோல் புண்ணாகிவிடுகிறது, தனியாக விட்டுவிட்டுப் போகவும் முடியாது. துணித் தாங்கியில் பாதம் தரையைத் தொடும் உயரம் வைத்தால், நிற்கப் பழகும் வேலையும் நடக்கிறது. இரண்டிலும் குறைந்த நேரம், அடிக்கடி.

படுத்திருக்கும் வாத்துக்கு எதிரி மார்பெலும்புப் புண். இறகு பிரித்துத் தினமும் பாருங்கள். தோல் சிவந்தாலே இடம் மாற்றுங்கள். துண்டை வளையமாகச் சுருட்டி நடுவில் மார்பெலும்பு அழுந்தாமல் உட்கார வைத்தால் நல்லது. பின்பக்க இறகில் எச்சம் ஒட்டினால் ஈ முட்டையிடும், வெயில் நாளில் சில மணி நேரத்திலேயே புழு வைத்துவிடும். காலையும் மாலையும் கழுவித் துடைக்க வேண்டும், தள்ளிப்போடவே கூடாது.

தனியாக வைக்காதீர்கள். கம்பி வலைக்கு அப்பால் என்றாலும் தன் கூட்டம் கண்ணில் பட வேண்டும். கூட்டத்திலிருந்து பிரித்த வாத்து சாப்பாட்டை நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். அமைதியான ஒரு துணையை உள்ளே விட்டால் அன்றே தட்டில் அலகு வைக்கும்.

சாப்பிடுகிறது, கோதுகிறது, குரல் கொடுக்கிறது என்றால் அந்த வாத்து வாழ விரும்புகிறது. நடக்கவில்லையே என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். இந்த மூன்றும் நின்று, வலி அடங்காமல் இருந்தால் மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். நிம்மதியாக அனுப்பிவைப்பதும் பராமரிப்பின் பகுதிதான்.

ஆகஸ்ட் 9

மருத்துவரிடம் போகும்போது என்ன கொண்டுபோவது? காற்றோட்டமுள்ள பெட்டி, அடியில் துண்டு, வாத்து நிற்க முடியாவிட்டால் பக்கங்களில் சுருட்டிய துண்டு. தீவனப் பையின் சீட்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நடக்கும் வீடியோ கட்டாயம், ஏனென்றால் அங்கே மேசைமேல் வைத்தால் பயத்தில் உட்கார்ந்துவிடும், இல்லாவிட்டால் நன்றாக நடந்து காட்டிவிடும். அன்றைய எச்சத்தைச் சின்ன டப்பாவில் எடுங்கள். எப்போது தொடங்கியது, ஒரு காலா இரண்டு காலா, தளர்வா விறைப்பா என்று எழுதி வையுங்கள். எல்லா இடத்திலும் பறவை பார்க்கும் மருத்துவர் கிடைப்பதில்லை, அதனால் வாத்து நன்றாக இருக்கும்போதே ஒருவரை விசாரித்து, அவர் எண்ணைக் கூண்டுக் கதவில் ஒட்டி வைத்துவிடுங்கள்.